ஆஜாச் சாடியும் மூன்று பொன்முகங்களும்

முன்னொரு காலத்திலே, ஆறுகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைத்து முடிக்காத காலத்திலே, மேற்கு ஆப்பிரிக்காவில் காடு முடிந்து புல்வெளி தொடங்குகிற இடத்திலே, பாவுலே ஜனங்களின் ராஜ்ஜியம் ஒன்று இருந்தது. அந்த ராஜ்ஜியத்திலே அசேக்ரோ என்று ஓர் ஊர். அந்த ஊரிலே ஒரு வீடு. அந்த வீட்டிலே ஒரு சாடி. சின்னப் பிள்ளைகள் முன்னால் வந்து உட்காருங்கள். பெரியவர்கள் விட வேண்டிய கொட்டாவியை இப்போதே விட்டு முடித்துவிடுங்கள். கதை முழுக்க அந்தச் சாடிக்குள்ளேதான் இருக்கிறது.

சாடி என்றதும் பளிங்கு, வெள்ளி என்று கற்பனை பண்ண வேண்டாம். கரி பிடித்த மண் சாடி. சந்தையில் கொண்டுபோய் வைத்தால் எண்ணெய் ஊற்றி வைக்கக்கூட யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் அதன் வயிற்றுக்குள் இருந்தது அந்தக் குடும்பத்தின் ஆஜா. ஆஜா என்றால் தலைமுறை தலைமுறையாக வந்த வீட்டுப் பொன். கொம்பு சுருண்ட ஆட்டுக்கடா ஒன்று. வாயில் மீனைக் கவ்விய முதலை ஒன்று. நடுவில் மொட்டுப் போலக் கூம்பிய சூரிய வட்டம் ஒன்று. அப்புறம் மூங்கில் தட்டி மாதிரி கோடு போட்ட மணிகள், கோழிக்கால் எலும்பு மாதிரி நீள மணிகள், முறுக்கு மணிகள், காப்புகள், தண்டைகள்.

அந்த வேலைப்பாடு இருக்கிறதே, அடேயப்பா, அதைச் சொல்லாமல் மேலே போனால் எனக்குத் தூக்கம் வராது. பொன்னை அவர்கள் தட்டியும் நீட்டியும் செய்வதில்லை. முதலில் தேன்மெழுகைத் தலைமுடி கனத்துக்கு இழையாகத் திரிப்பார்கள். இழைக்குப் பக்கத்தில் இழை வைத்து, சுழிக்குப் பக்கத்தில் சுழி வைத்து, ஆட்டின் கொம்பும் முதலையின் முதுகும் அப்படியே மெழுகில் எழுந்து வரும். மேலே களிமண் பூசிச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். மெழுகு விட்டுப்போன இடத்தில் உருக்கிய பொன்னை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால், மெழுகில் இருந்த ஒவ்வோர் இழையும் பொன்னில் இருக்கும். மண் உடைந்துபோகிறது, மெழுகும் ஓடிப்போகிறது. ஆகவே ஒன்றைப் போல இன்னொன்று அந்த நாட்டில் கிடையாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உங்களுக்கே தேவைப்படும்.

பொன்னுக்கு உயிர் உண்டு என்பது அந்த ஜனங்களின் எண்ணம். யாருக்காக ஒரு நகை வார்க்கப்பட்டதோ அவர் பேர்தான் அந்த நகைக்கும் பேர். விற்க முடியாது, தானம் கொடுக்க முடியாது. சாடி முன்னோர்களுடையது, உயிரோடிருப்பவர்கள் வெறும் காவல்காரர்கள். பொன்னைப் போடுவதற்குச் சாடி எப்போதும் வாய் திறக்கும். எடுப்பதற்கு நாள் பார்க்கும். வீட்டில் ஒரு பெரிய உயிர் போனால், அதன் மார்பில் பரப்பி ஊருக்குக் காட்டிவிட்டு, அடக்கத்துக்கு முன் கழற்றித் திரும்ப வைப்பார்கள். வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், அவள் மேல் பூட்டி ஊர்வலம் விடுவார்கள். இப்படிப்பட்ட நாளில்தான் எடுக்கலாம். எடுக்கும்போது தண்ணீர் தெளித்து, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வாயாரப் புகழ வேண்டும். மற்ற நாளில் திருட்டுக் கை உள்ளே போனால், அந்தக் கைக்கு வெறும் மணல்தான் கிடைக்கும்.

அந்தச் சாடிக்குக் காவல் யோபுவே என்ற மனிதர். அவர் தங்கை மகள்தான் அமெனான். தாய் தகப்பன் இல்லாத பெண் என்பதால் தாய்மாமன் யோபுவேதான் அவளுக்கு எல்லாம். நல்ல மனிதர். ஒரே ஒரு குறை, யாராவது தன் வீட்டைப் புகழ்ந்துவிட்டால் போதும், மனிதருக்குத் தலைகால் புரியாது.

அமெனானுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று. அவனும் வேறு யாரும் இல்லை, ஊர் நடுவில் பெரிய மரத்தடியில் தறி போட்டிருந்த லூக்கூ. ஒரு சாண் அகலத்தில் நீளம் நீளமாகப் பட்டை நெய்து, பட்டைகளைச் சேர்த்துத் தைத்துப் போர்வையாக்குவது அவன் தொழில். நீலமும் வெள்ளையுமாக அவன் நெய்தால் கண்ணெடுக்க முடியாது. ஆனால் அமெனானுக்கென்று முதன்முதலாக நெய்து கொடுத்த போர்வையில், பையனுக்குக் கை நடுங்கியதோ என்னவோ, ஒரு பட்டை மட்டும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. நீலக் கட்டங்கள் பக்கத்துக் கட்டங்களோடு சேரவில்லை.

அமெனான் விடுவாளா? வாய்த்துடுக்கான பெண். தண்ணீருக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, தறியண்டை நின்று, மற்ற பட்டையெல்லாம் வீட்டுக்குப் போகிறது, அந்தப் பட்டை மட்டும் சந்தைக்குப் போகிறதே என்பாள். லூக்கூ நிமிர்ந்து பார்க்காமலே, அது கோணல் இல்லை, அது நடை என்பான். அவன் உதட்டின் இடது ஓரம் மட்டும் மெல்ல மேலே போகும். அந்த ஓரத்தைப் பார்க்கத்தான் அவள் திட்டுவதே. ஒரு நல்ல வார்த்தை அவள் அவனிடம் சொன்னதில்லை. திட்டியே குடும்பம் நடத்திவிடலாம் என்று இருந்தாள்.

இப்படி இருக்கையிலே பாங்போ வந்தான்.

பாங்போ ஒரு தட்டான். உலையும் துருத்தியும் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போகிறவன். லூக்கூவின் தறிக்குப் பக்கத்து மரத்தடியில் உலையை வைத்தான். நாள்கணக்காக அங்கேயே உட்கார்ந்து மெழுகு திரித்தான். அமெனான் வருவதும் திட்டுவதும் போவதும் எல்லாம் அவன் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அவன் தட்டான் மட்டும் இல்லை, மந்திரவாதியும்கூட என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. அவன் கண் யோபுவே வீட்டுச் சாடி மேல் இருந்தது. கள்ளத்தனமாகக் கை விட்டால் மணல்தான் வரும் என்றும் அவனுக்குத் தெரியும். அந்த வீட்டு மாப்பிள்ளையாக நுழைந்தால் கதையே வேறு.

ஒரு நாள் அமெனான் வழக்கம்போல வந்தவள், எந்நேரமும் தறிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தால் உன் மூஞ்சியை நான் எங்கே பார்ப்பது என்று கேட்டுவிட்டுப் போனாள். பாங்போ அந்த நூலைப் பிடித்துக்கொண்டான். தம்பி, உன் முகத்தையே பொன்னில் வார்த்துத் தருகிறேன், கல்யாணத்தன்று அவள் கழுத்தில் தொங்கட்டும், நீ தறியில் இருந்தாலும் உன் முகம் அவளோடு இருக்கும் என்றான். அந்த நாட்டில் பிரியமானவர்கள் முகத்தைப் பதக்கமாக வார்த்து அணிவது வழக்கம்தான். லூக்கூ சந்தோஷமாக மணையில் உட்கார்ந்தான்.

பாங்போ மெழுகிழையை எடுத்து நெற்றியை வைத்தான். லூக்கூவுக்கு நெற்றி குளிர்ந்தது. கண்களை வைத்தான், அந்த ஊர் வழக்கப்படி தாழ்ந்த கண்கள். லூக்கூவின் கண் தானாகத் தாழ்ந்தது. வாயை வைத்தான். லூக்கூவுக்குப் பேச்சு நின்றது. மண் பூசி, சுட்டு, பொன் ஊற்றி, உடைத்தபோது மணை மேல் ஆள் இல்லை. அவன் உடுத்தியிருந்த துணி மட்டும் குவிந்து கிடந்தது. பாங்போவின் கையில் ஒன்றல்ல, மூன்று பொன்முகங்கள் இருந்தன. மூன்றும் லூக்கூவின் முகம். இழைக்கு இழை, தழும்புக்குத் தழும்பு ஒரே மாதிரி.

அவற்றைப் பட்டுப் போன்ற இலையில் வைத்து அவன் யோபுவே வீட்டுக்குப் போனான். மாப்பிள்ளை நூல் வாங்கத் தூரத்துச் சந்தைக்குப் போயிருக்கிறார், போகும்போது இந்தச் சீரைக் கொடுத்தனுப்பினார் என்றான். ஒன்று பெண்ணுக்கு, ஒன்று மாமனுக்கு, ஒன்று பிறக்கப் போகிற பிள்ளைக்கு. இப்பேர்ப்பட்ட பொன் இப்பேர்ப்பட்ட வீட்டுச் சாடியில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டான்.

இப்போது நான் நினைவில் வைக்கச் சொன்னதை எடுங்கள். ஒன்றைப் போல இன்னொன்று வார்க்க முடியாத நாட்டில், ஒரே மாதிரி மூன்று முகம் வந்து நிற்கிறது. சின்னக் குழந்தைக்குக்கூடச் சந்தேகம் வர வேண்டும். யோபுவேக்கு வரவில்லை. அவருக்கு ஆச்சரியம்தான் வந்தது. என்ன வேலை, என்ன வேலை என்று மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதுப்பொன்னை உள்ளே வைப்பதற்கு முன் அதன் பேரைக் கேட்டு, அந்தப் பேரால் அதைக் கூப்பிட வேண்டும் என்பது முறை. பூரிப்பில் அதையும் மறந்தார். பேர் சொல்லாமலே மூன்றையும் சாடிக்குள் போட்டு மூடினார்.

நாள் போயிற்று. லூக்கூ வரவில்லை. தறியில் பாதிப் பட்டை அப்படியே நின்றது. அமெனான் தண்ணீருக்குப் போகும்போதும் வரும்போதும் அங்கே நின்றாள், திட்டுவதற்கு ஆள் இல்லை.

அப்போது பக்கத்து மரத்தடியிலிருந்து பாங்போ எழுந்து வந்தான்.

"நூலும் வாங்கப் போகவில்லை, எங்கும் போகவில்லை. உன் லூக்கூ உன் வீட்டுச் சாடியில்தான் இருக்கிறான். உன் மாமன் தன் கையாலேயே போட்டார்" என்றான்.

பாங்போ நிதானமாக மற்றதையும் சொன்னான். உள்ளே போன பொன், வீட்டில் சாவு விழாத வரைக்கும், கல்யாண நாளில்தான் வெளியே வரும். மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணம் ஏது? ஆகவே அவளுக்கு ஒரு வழிதான் உண்டு, பாங்போவை மாப்பிள்ளையாக ஏற்றுக்கொண்டு நாள் குறிக்க வேண்டும். அன்று மூன்று முகங்களையும் அணிந்துகொண்டு, அவற்றில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, லூக்கூவின் பேர் சொல்லிக் கூப்பிடலாம். சரியான முகமாக இருந்தால் லூக்கூ எழுந்து வருவான். தப்பாக இருந்தால் அவன் என்றைக்கும் பொன்தான். அமெனானும் அந்தச் சாடியும் பாங்போவுக்கு.

"எது அவன் என்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் அமெனான்.

"எனக்கே தெரியாது. அவ்வளவு சுத்தமான வேலை" என்றான் பாங்போ. அதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை.

அமெனான் வீட்டுக்கு ஓடிப்போய் மாமனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். யோபுவே தலையில் அடித்துக்கொண்டார். ஐயோ, என் புத்தியை எங்கே கொண்டுபோய் வைத்தேன் என்று அழுதார். சாடியை உடைத்துவிடலாமா என்றுகூடக் கேட்டார். உடைத்தால் பொன் அத்தனையும் மண்ணுக்குள் இறங்கிப் போய்விடும், லூக்கூவும் அதோடு போவான். வேண்டாம் மாமா, நாள் குறியுங்கள் என்றாள் அமெனான்.

நாள் குறித்தாயிற்று. அதற்கு முன் ஒரு விடியற்காலையில் அமெனான் சாடியண்டை போய் உட்கார்ந்தாள். மூடியைத் தொடாமல் தண்ணீர் தெளித்தாள்.

"பொன்னே, எங்கள் பெரியோர் பொன்னே, தூக்கம் கலையட்டும், கோபம் வேண்டாம். உள்ளே இருப்பதில் எது என் ஆள்?"

சாடிக்குள்ளே கொம்பு உரசியது. ஆட்டுக்கடாவின் குரல் கேட்டது. மூன்று பேர் வந்தார்கள் மகளே, மூன்று பேரையும் முட்டிப் பார்த்தேன், மூன்றும் ஒரே மாதிரி கணீரென்றது என்றது கடா.

அடுத்த விடியற்காலை மறுபடி போனாள், மறுபடி தண்ணீர் தெளித்தாள். பொன்னே, எங்கள் பெரியோர் பொன்னே, தூக்கம் கலையட்டும், கோபம் வேண்டாம் என்றாள். இப்போது முதலை பேசியது. மீனைக் கீழே வைத்துவிட்டு மூன்றையும் கடித்துப் பார்த்தேன் மகளே, மூன்றும் பொன்னாகத்தான் ருசித்தது என்றது.

மூன்றாவது விடியற்காலை சூரிய வட்டம் பேசியது. சாடியின் விளிம்பில் மெல்லிய வெளிச்சம் கசிந்தது. அமெனான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னால் அவள் வீட்டில் வாழ்ந்த ஒரு ராணியின் பேர் அதற்கு.

"மூன்றின் மேலும் பிரகாசித்தேன், மூன்றும் பிரகாசித்தன. எங்களிடம் கேட்காதே மகளே. எங்களுக்குப் பொன் தெரியும். ஆளைத் தெரிந்தவள் நீதான்" என்றது.

அமெனானுக்கு அப்போது பளிச்சென்று ஒன்று தோன்றியது. ஆளைத் தெரியுமே! திட்டினால் இடது உதட்டு ஓரம் மேலே போகுமே! அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் வயிறாரச் சாப்பிட்டாள்.

கல்யாண நாள் வந்தது. ஊரே கூடியது. முரசு முழங்கியது, பெருவள்ளிக்கிழங்கு பானை பானையாக வெந்தது, கள் மொந்தைகள் கை மாறின. பெரியவர்கள் பொன்தகடு போர்த்திய கைப்பிடிச் சாமரங்களோடு வந்து அமர்ந்தார்கள். யோபுவே தண்ணீர் தெளித்து, முட்டை உடைத்து, சாடியைத் திறந்தார்.

அப்புறம் ஒன்றொன்றாக எடுத்து, பேர் சொல்லி, புகழ்ந்து, அமெனானுக்குப் பூட்டினார்கள். கூந்தலில் பொன் ஊசிகள். கழுத்தில் மூங்கில் தட்டி மணிகளும் முறுக்கு மணிகளும் வரிசை வரிசையாக. வலது தோளோரம் கடா, இடது தோளோரம் முதலை, நெஞ்சுக் குழிக்கு மேலே சூரியன். கையில் காப்பு, காலில் தண்டை. வெயில் ஏறியது. ஒவ்வோர் இழையும் வெளிச்சத்தைத் தனித்தனியாக வாங்கித் திருப்பித் தந்தது. எத்தனை தட்டான்களின் கண்பார்வை, எத்தனை பேருடைய வாழ்வும் சாவும் அந்த ஒரு பெண்ணின் மேல் ஏறி நின்றன! பார்த்தவர்கள் கையெடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். கள்ளு மொந்தையைக்கூடக் கீழே வைத்துவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக மூன்று முகங்களும் வந்தன. அவற்றுக்குப் பேர் சொல்ல யோபுவேக்கு வாய் வரவில்லை. பேசாமல் அவள் மார்பில் கட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். எதிரே பாங்போ மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்திருந்தான்.

அமெனான் முதல் முகத்தைக் கையில் ஏந்தினாள். கூட்டம் புகழ்ச்சியை எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டது. அவளோ, மற்ற பட்டையெல்லாம் வீட்டுக்குப் போகிறது, உன் பட்டை மட்டும் சந்தைக்குப் போகிறதே, உனக்கெல்லாம் ஒரு தறியா என்று கேட்டாள். ஊரே பதறிப்போயிற்று. பொன்னைத் திட்டுவதா? பெரியவர்கள் எழுந்தே விட்டார்கள். அமெனானின் மேல் இருந்த நகைகள் அத்தனையும் ஒரு தரம் சலசலத்துக் கனத்தன. ஆனால் அவள் கண் முகத்தை விட்டு அகலவில்லை. பொன் உதட்டின் இடது ஓரம் மெல்ல மேலே போயிற்று.

பேரைச் சொல்ல வாயைத் திறந்தாள். எதற்கும் மற்ற இரண்டையும் பார்த்துவிடுவோம் என்று ஓர் எண்ணம் வந்து நிறுத்தியது. இரண்டாவது முகத்தை எடுத்து அதே வார்த்தையைச் சொன்னாள். இடது ஓரம் மேலே போயிற்று. மூன்றாவதை எடுத்துச் சொன்னாள். அதிலும் இடது ஓரம் மேலே போயிற்று.

பாங்போ விழுந்து விழுந்து சிரித்தான்.

"நான் உங்கள் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெறும் மெழுகா திரித்தேன், பெண்ணே? நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் இழையோடு இழையாக மூன்றிலும் வைத்து வார்த்திருக்கிறேன். உன் வாயிலிருந்து அவன் கேட்டதெல்லாம் மூன்று முகத்துக்கும் தெரியும். வா, ஏதாவது ஒன்றைச் சொல்லு, எனக்கு நேரமாகிறது."

அமெனான் மேல் நகைகள் இன்னும் கனத்தன. கோபித்துக்கொண்ட பொன் மண்ணைத் தேடுகிறது என்று யோபுவே வாய்விட்டு அழத் தொடங்கினார். இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். லூக்கூவும் போவான், முன்னோர்களும் போவார்கள், எல்லாம் போகும்.

அவன் கேட்டதெல்லாம். அந்த வார்த்தை அவள் காதிலேயே நின்றது. அவன் கேட்டதெல்லாம் மூன்றிலும் இருக்கிறது. அப்படியானால் அவன் கேட்காதது?

அவன் கேட்காதது ஒன்று இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு எப்போதுமே வெட்கம். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, பொன் முழுக்கப் பூட்டிக்கொண்டு, அமெனான் மூன்று முகங்களையும் இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். முதலில் தண்ணீர் கேட்டு வாங்கித் தெளித்தாள்.

"பொன்னே, எங்கள் பெரியோர் பொன்னே, தூக்கம் கலையட்டும், கோபம் வேண்டாம்" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்தப் போர்வையில்தான் நான் தினமும் படுக்கிறேன். அம்மா நினைவு வந்து அழுத ராத்திரியெல்லாம் அதைத்தான் இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தேன். அந்தக் கோணல் பட்டை இருக்கிறதே, நீலம் சேராமல் போன இடம், அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். உன்னைப் போல நெய்கிறவன் இந்த ராஜ்ஜியத்தில் இல்லை. இதை உன்னிடம் ஒரு நாளும் நான் சொன்னதில்லை. எனக்கு நீ வேண்டும்."

ஒரு முகம் தாழ்ந்த கண்ணோடு கம்பீரமாக இருந்தது. இன்னொரு முகமும் தாழ்ந்த கண்ணோடு கம்பீரமாக இருந்தது. அவை கேட்டிராத வார்த்தை, என்ன செய்வதென்று அவற்றுக்குத் தெரியவில்லை. நடுவில் இருந்த முகத்தில், பொன் இமைக்குக் கீழே, ஒரு சொட்டு நீர் திரண்டு அமெனானின் விரலில் விழுந்தது. அது வெதுவெதுப்பாக இருந்தது.

"லூக்கூ" என்று கூப்பிட்டாள் அமெனான்.

கயிறு அறுந்தது. அவள் எதிரே, அரையில் துணியில்லாமல், உடம்பெல்லாம் களிமண் ஒட்டிக்கொண்டு லூக்கூ நின்றான். யோபுவே அவசர அவசரமாகத் தன் மேல்துணியை எடுத்து மருமகனுக்குப் போர்த்தினார். லூக்கூ அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. அமெனானையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்படியானால் அது கோணல் இல்லைதானே?" என்றான்.

"கோணல்தான்" என்றாள் அமெனான், அழுதுகொண்டே.

உதட்டின் இடது ஓரம் மேலே போயிற்று. அவள் உடம்பில் கனத்துக்கொண்டிருந்த பொன் அத்தனையும் பஞ்சு மாதிரி லேசாயிற்று. நம்பினால் நம்புங்கள், கடா ஒரு தரம் கத்தியதாகவும், முதலையின் வாயிலிருந்த மீன் வாலாட்டியதாகவும் அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். மற்ற இரண்டு முகங்களும் மெழுகாக உருகிச் சொட்டிப்போயின. உள்ளே ஆள் இல்லாத பொன் அது, தோல் மட்டும்தான் பொன்.

பாங்போ நைசாக எழுந்து நழுவப் பார்த்தான். ஆனால் வார்ப்பு வேலைக்கென்று ஒரு சட்டம் உண்டு. மெழுகு விட்டுப்போன இடம் காலியாக இருக்காது, ஏதாவது வந்து நிரம்பியே தீரும். லூக்கூ வெளியே வந்தாயிற்று, அவன் விட்டுப்போன இடம் காலியாகக் கிடக்கிறது. வார்த்தவன் கையெட்டும் தூரத்தில் நிற்கிறான். அது சும்மா விடுமா? காலை இழுத்தது, இடுப்பை இழுத்தது, தலையை இழுத்தது. கண் மூடித் திறப்பதற்குள் பாங்போ இருந்த இடத்தில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு சின்ன உருவம் டக்கென்று விழுந்தது. துருத்தி ஊதிக்கொண்டு குந்தியிருக்கிற ஒரு குட்டித் தட்டான்.

யோபுவே அதை எடுத்துக் கல்லில் உரசிப் பார்த்தார். பொன் இல்லை. பித்தளை.

பித்தளையை ஆஜாச் சாடியில் வைக்க முடியுமா? ஊர்ப் பெரியவர்கள் யோசித்து அதைத் தராசுக்குப் படிக்கல்லாக வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஒரு தட்டில் பாங்போ, மறு தட்டில் ஊரார் பொன். பொன் எதிரே பளபளவென்று கிடக்கும். அவன் பார்த்துக்கொண்டே இருக்கலாம், தொட மட்டும் முடியாது.

அமெனான் அந்தக் கோலத்திலேயே லூக்கூவின் பக்கத்தில் நடந்து ஊரைச் சுற்றி வந்தாள். வாசலுக்கு வாசல் நின்று வாழ்த்து வாங்கினாள். மாலையில் நகைகளைக் கழற்றி, கழுவி, ஒவ்வொன்றுக்கும் பேர் சொல்லி நன்றி சொல்லி, யோபுவே சாடியில் வைத்தார். அதற்கப்புறம் புதுப்பொன் எது வந்தாலும் அவர் மூன்று தரம் பேர் கேட்டார். யாராவது அவர் வீட்டைப் புகழ்ந்தால் நான்கு தரம் கேட்டார்.

அசேக்ரோவில் இன்றைக்கும் ஒரு வழக்கம் உண்டென்பார்கள். கல்யாணப் பெண்ணுக்குப் பொன்னெல்லாம் பூட்டி, ஊரெல்லாம் பொன்னைப் புகழ்ந்து முடித்த பிறகு, பெண் தன் மாப்பிள்ளை பக்கம் திரும்பி, அதுவரை அவனிடம் சொல்லாத ஒரு நல்ல வார்த்தையை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். அதைச் சொல்லி முடிக்கிறவரைக்கும் அவள் மேல் பொன் கனத்துக்கொண்டே இருக்கும். சொன்னதும் லேசாகிவிடும்.

கதையைச் சாடியில் போட்டு மூடியாயிற்று. வீட்டுக்குப் போகிறவர்கள் போங்கள். போனதும் யாரிடமாவது சொல்ல வேண்டியது பாக்கி இருந்தால், முதலில் அதைச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.